இரண்டு கைம்பெண்கள் எழுப்பிய மாதா கோயில்

மனிதர்களுக்கு மறுபிறவி உண்டா இல்லையா என்பதைப் பெரியவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். கட்டடங்களைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகமே வேண்டாம். கட்டியவர்களோடு போய்ச் சேர்ந்துவிடும் கட்டடங்கள் எத்தனையோ. சில மட்டும் செத்துச் செத்துப் பிழைக்கின்றன. ஒவ்வொரு பிறவியிலும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு தொழில். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் ஜாதகத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். ஜாதகம் கொஞ்சம் நீளமானது. ஏறக்குறைய 800 வருஷம்! காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்து கொள்ளுங்கள்.

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு ஓரத்தில், ரைன் நதிக்கு இந்தப் பக்கம், அல்ஸாஸ் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. நதியைத் தாண்டினால் ஜெர்மனி. இரண்டு பெரிய வீட்டாருக்கு நடுவில் அகப்பட்ட வேலியோரத்து நிலம் எந்தப் பாடு படுமோ அந்தப் பாடெல்லாம் பட்ட சீமை அது. அங்கே கொல்மார் என்று ஓர் அழகான ஊர். திராட்சைத் தோட்டங்கள், மரச் சட்டங்கள் வெளியே தெரியும்படி கட்டிய வண்ண வண்ண வீடுகள், ஊருக்குள்ளேயே ஓடும் வாய்க்கால்கள். நியூயார்க் துறைமுகத்தில் தீபம் ஏந்தி நிற்கிறாளே சுதந்திர தேவி, அந்தச் சிலையை வடித்த பார்த்தோல்டி 1834-ல் பிறந்தது இந்த ஊரில்தான்.

ஸ்ட்ராஸ்பர்க் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பிரயாணம். ஒரு முறை ஐரோப்பா போனபோது அந்த ரயிலில் ஏறி கொல்மாரில் இறங்கினேன். ஊரைப் பார்ப்பதற்காக அல்ல. உண்டர்லிண்டன் என்ற காட்சிச் சாலையைப் பார்ப்பதற்காக. அது ஆதியில் காட்சிச் சாலையே அல்ல. கன்னியாஸ்திரீகளின் மடமும், அதைச் சேர்ந்த மாதா கோயிலுந்தான்.

பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஜெர்மன் மொழியில் ‘லிண்டன் மரத்தடியில்’ என்று அர்த்தம். அவ்வளவுதான். லிண்டன் என்பது நல்ல நிழலும் வாசனைப் பூக்களும் தரும் ஒரு பெரிய மரம். ஆங்கிலேயர்கள் இதை ‘லைம்’ என்றும் சொல்வதால் சிலர் எலுமிச்சை என்று எண்ணிவிடுகிறார்கள். எலுமிச்சைக்கும் இதற்கும் எந்தப் பந்துத்துவமும் கிடையாது.

கதை 1232-ஆம் ஆண்டை ஒட்டி ஆரம்பமாகிறது. கொல்மாரில் இரண்டு மாதர்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஆக்னஸ் என்றே பெயர். ஒருத்தி மிட்டல்ஹைம் குடும்பத்தைச் சேர்ந்தவள். மற்றவள் ஹெர்க்கன்ஹைம் குடும்பத்தைச் சேர்ந்தவள். இருவருமே நல்ல வசதியுள்ள இடத்துப் பெண்கள். இருவருமே கணவனை இழந்தவர்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு இருந்த வழிகள் சொற்பம். உறவினர்கள் பார்த்து முடிக்கும் இன்னொரு கல்யாணம், அல்லது உறவினர் வீட்டில் ஒரு மூலை, அல்லது ஏதாவது ஒரு மடம். இந்த இரண்டு ஆக்னஸ்களும் மூன்றாவது வழியைத்தான் பிடித்தார்கள். ஆனால் யாரோ கட்டி வைத்த மடத்தில் போய் ஒண்டிக்கொள்ளவில்லை. தாங்களே ஒரு மடத்தைத் தொடங்கிவிட்டார்கள்! லிண்டன் மரங்கள் நின்ற இடத்தில் தொடங்கியதால் மரத்தின் பெயரே மடத்துக்கும் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் சின்னப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. என் பாட்டியின் தங்கை அவள். இருபத்திரண்டு வயதில் கணவன் போய்விட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, பின்கட்டில் ஓர் அறையில், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாள். கணக்கில் புலி. நெல் கணக்கு, பால் கணக்கு, பேரன் பேத்திகளின் பள்ளிக்கூடச் சம்பளக் கணக்கு எல்லாம் அவள் விரல் நுனியில். வீட்டில் அவளை யாரும் கடிந்து பேசியது கிடையாது. ஆனாலும் யாராவது, “நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “அண்ணா வீட்டிலே இருக்கேன்” என்றுதான் சொல்வாள். ஐம்பது வருஷத்தில் ஒரு நாளாவது “எங்கள் வீடு” என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. இரண்டு ஆக்னஸ்களின் கதையைப் படித்தபோது எனக்கு ஏன் தொண்டையை அடைத்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று ஒரு பெண் கேட்பது பேராசை அல்ல. 800 வருஷத்துக்கு முன்பே இருவர் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் கட்டியும் முடித்தார்கள்.

அவர்கள் சில காலம் ஊருக்கு வெளியே போய் வசித்துவிட்டு, 1252-ல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்கள். தொமினிக்கன் சபையின் கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள். கல் கட்டடம் எழும்பியது. 1269-ல் மாதா கோயிலின் பீடப் பகுதியை அர்ச்சித்துத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் என்ற மகா பண்டிதர். தாமஸ் அக்குவினாஸுக்கே குருவாக இருந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அவரைவிடப் பெரிய படிப்பாளி இல்லையென்றே சொல்லலாம். அப்பேர்ப்பட்டவர் வந்திருக்கிறார் என்றால் ‘பெண்கள் ஏதோ கட்டியிருக்கிறார்கள்’ என்று யாரும் அலட்சியமாக நினைக்கவில்லை என்பது தெரிகிறதல்லவா?

கோயிலை ஒட்டி ஒரு சதுர முற்றம்; முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கல் வளைவுகள் வைத்த தாழ்வாரம். இன்றும் அது அப்படியே நிற்கிறது. நம்முடைய பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் எதற்கு இருந்தன? வெளியே போகாமலே வெயிலும் மழையும் வானமும் கிடைப்பதற்காக. அங்கேயும் அதே காரணந்தான். மடத்துக் கதவு அடைத்தபடி இருந்தது. முற்றம் திறந்தபடி இருந்தது.

அந்தத் தாழ்வாரத்தில் நடந்தவர்கள் வெறுமே ஜபமாலை உருட்டிக்கொண்டு காலம் தள்ளவில்லை. படித்தார்கள்; லத்தீனில் எழுதினார்கள்; புத்தகங்களைக் கையால் பிரதி எடுத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கெபர்ஸ்வைலர் காத்தரீன் என்ற சகோதரி, தமக்கு முன்பு அந்த மடத்தில் வாழ்ந்து மறைந்த சுமார் நாற்பது சகோதரிகளின் வாழ்க்கைகளை லத்தீனில் எழுதி வைத்தார். ராஜாக்களின் சரித்திரத்தை எழுத ஆயிரம் பேர் உண்டு. அடுத்த அறையில் இருந்தவளின் சரித்திரத்தை எழுத எத்தனை பேருக்குத் தோன்றும்? காத்தரீனுக்குத் தோன்றிய காரணத்தால்தான் அந்தப் பெண்கள் இன்னும் பெயரோடு இருக்கிறார்கள்.

இப்படியே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ராஜாவோடு மடங்களும் போயின. 1792-ல் மடம் கலைக்கப்பட்டது. சகோதரிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஜபம் கேட்ட சுவர்களுக்குள் பட்டாளத்தார் குடியேறினார்கள். கட்டடத்தின் முதற்பிறவி முடிந்தது.

பட்டாளத்தார் கையில் ஒரு வீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்குள் கட்டடம் சிதைந்து, ‘இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடித்துத் தள்ளிவிடலாமே!’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இந்தப் பேச்சு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மிகவும் சுலபமாகக் கிளம்பக் கூடியது. அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் கிளம்புவதுதான் அபூர்வம்.

கொல்மாரில் ஒருவர் கிளம்பினார். லூயி ஹ்யூகோ என்று பெயர். நாவல் எழுதிய விக்டர் ஹ்யூகோ அல்ல, இவர் வேறு. நகரத்தின் பழைய தஸ்தாவேஜுகளையும் புத்தகசாலையையும் கவனித்து வந்த உத்தியோகஸ்தர். பிரபுவும் அல்ல, மந்திரியும் அல்ல. தூசி தட்டுகிற உத்தியோகம். 1847-ல் இவர் முயற்சியால் ஒரு சங்கம் உண்டாயிற்று. 15-ஆம் நூற்றாண்டில் கொல்மாரில் வாழ்ந்த மார்ட்டின் ஷோன்கவர் என்ற சித்திரக்காரரின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். ஷோன்கவரின் கீர்த்தி எப்படிப்பட்டது என்றால், 1492-ல் இளைஞரான டூரர் அவரைத் தரிசிக்கவென்றே கொல்மாருக்கு வந்தார். வந்து பார்த்தால், ஷோன்கவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது!

சங்கம் பிறந்த அடுத்த வருஷம், 1848-ல், அருகிலுள்ள பெர்க்ஹைம் என்ற ஊரில் ரோமானியர் காலத்து மொசைக் தளம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. அதை எங்கே வைப்பது? பாழடைந்த மாதா கோயில்தான் இருக்கிறதே! ஒரு பொருள் வந்தது. அதைப் பார்த்து இன்னொரு பொருள் வந்தது. பட்டாளத்தாரின் பாசறை, பொருட்காட்சிச் சாலையாக மாறத் தொடங்கியது. 1853-ல் கதவு திறந்தது. மூன்றாவது பிறவி ஆரம்பமாயிற்று.

அந்த மூன்றாவது பிறவிக்கு உயிர் கொடுத்தது ஒரு சித்திரம். இதன் கதையைக் கேட்டால்தான் அந்தக் கோயிலின் கதை பூர்த்தியாகும்.

கொல்மாருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இஸன்ஹைம் என்று ஒரு கிராமம். அங்கே வனத்து அந்தோனியார் பெயரில் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அந்த மடத்துத் துறவிகளின் கைங்கரியம் நோயாளிகளைப் பராமரிப்பது. அதுவும் குறிப்பாக ஒரு நோய். ‘அந்தோனியார் நெருப்பு’ என்று அதற்குப் பெயர். கை கால்கள் தீயில் வைத்தாற்போல் எரியும். தோல் கறுத்துப் புண்ணாகும். விரல்களும் பாதங்களும் அழுகி விழும். புத்தி பேதலித்து இல்லாத உருவங்களெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாவத்தின் தண்டனை என்று ஜனங்கள் நினைத்தார்கள். உண்மையில் குற்றவாளி இருந்தது ரொட்டியில். ஏழைகள் தின்ற ‘ரை’ தானியக் கதிரில், ஈரமான வருஷங்களில், ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அதை மாவோடு சேர்த்து அரைத்துத் தின்றவர்களுக்கு இந்த நோய். நம் ஊர்க் கம்புப் பயிரிலும் அந்தக் குடும்பத்துப் பூஞ்சை ஒன்று வருவதுண்டு. தேனொழுகல் நோய் என்று குடியானவர்கள் சொல்வார்கள்.

துறவிகள் நோயாளிகளுக்கு நல்ல ரொட்டி கொடுத்தார்கள். புண்ணுக்குக் களிம்பு போட்டார்கள். தவிர்க்க முடியாவிட்டால் அழுகிய அங்கத்தை அறுத்தும் எடுத்தார்கள். நல்ல ரொட்டி கிடைத்ததாலேயே சிலர் பிழைத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கொடுத்தது அவர்களுடைய அன்னதானம்!

இந்த மடத்துக் கோயிலின் பீடத்துக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையில் மாத்தியஸ் கிரூனவால்ட் என்ற ஓவியர் தீட்டியதுதான் இஸன்ஹைம் பீடச் சித்திரம். நடுவிலுள்ள மரச் சிற்பங்கள் ஹாகெனோ ஊர் நிக்கோலாஸ் என்பவருடையவை. நம் வீட்டுப் பெரிய அலமாரி போல, கதவுக்குள் கதவாக மடித்துத் திறக்கும்படி செய்த அமைப்பு. எல்லாக் கதவும் மூடியிருந்தால் ஒரு காட்சி. முதல் ஜோடியைத் திறந்தால் வேறு காட்சி. அடுத்ததைத் திறந்தால் இன்னொன்று. விசேஷ நாட்களில்தான் உள் கதவுகள் திறக்கும்.

மூடிய கதவில் இருப்பது சிலுவைக் காட்சி. எத்தனையோ சிலுவைப் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். இது அவற்றைப் போல அல்ல. அழகான, அமைதியான யேசு இல்லை இங்கே. உடம்பெல்லாம் முள் தைத்து, புண்ணாகி, பச்சை பாரித்து, விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. முதலில் கண்ணைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. எனக்கும் தோன்றிற்று. பிறகு யோசித்தேன். இதை யார் பார்ப்பதற்காக எழுதினார்கள்? பட்டும் நகையும் அணிந்து வந்த பிரபுக்களுக்காக அல்லவே! புண்ணோடும் எரிச்சலோடும் பாயில் கிடந்தவர்களுக்காக. நோயாளிகளை இந்தச் சித்திரத்தின் முன் கொண்டுவந்து விடுவார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தன் உடம்பைப் பார்த்து ஊரெல்லாம் முகம் சுளிக்கும்போது, அதே புண்களோடு தெய்வமே எதிரில் நிற்பதைக் கண்ட நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும்! ‘உன் வலி எனக்குத் தெரியும்’ என்று ஒருவர் சொல்வதற்கு மிஞ்சிய மருந்து எத்தனை இருக்கிறது?

உள்கதவைத் திறந்தாலோ ஒரே வர்ண ஜாலம்! தேவதூதர்கள் வாத்தியம் வாசிக்கிறார்கள். மாதா குழந்தையை ஏந்திக்கொண்டிருக்கிறாள். பெண்மணிகளான நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று அங்கே உண்டு. மாதாவின் அருகில் ஒரு மரத் தொட்டி, குழந்தையைக் குளிப்பாட்ட. பக்கத்தில் தொட்டில். அதன் அருகே ஒரு மூத்திரப் பானை! குழந்தையைச் சுற்றியிருக்கும் துணியோ ஓரமெல்லாம் கிழிந்த கந்தல். பிள்ளை பெற்ற வீட்டில் என்னென்ன கிடக்குமோ அதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டார் அந்த மகானுபாவர். சொர்க்கத்துச் சங்கீதம் ஒரு பக்கம், கந்தல் துணி ஒரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன என்பது குழந்தை வளர்த்த ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்த விஷயமே.

புரட்சி வந்தபோது இஸன்ஹைம் மடமும் கலைந்தது. சித்திரத்தை அழிவிலிருந்து காப்பாற்றிக் கொல்மாருக்குக் கொண்டுவந்து, புத்தகசாலையில் வைத்தார்கள். அறுபது வருஷ காலம் போக்கிடமில்லாமல் அங்கே இருந்தது. 1852-ல் அதை உண்டர்லிண்டன் கோயிலுக்கு எடுத்து வந்தார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். இந்தக் கோயில் அந்தச் சித்திரத்துக்காகக் கட்டியதல்ல. அந்தச் சித்திரம் இந்தக் கோயிலுக்காகத் தீட்டியதல்ல. கோயில் தன் சகோதரிகளை இழந்தது. சித்திரம் தன் நோயாளிகளை இழந்தது. இரண்டு அனாதைகள் ஒன்றையொன்று தத்து எடுத்துக்கொண்டன. இரண்டு கைம்பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த வீட்டில் இப்படி நடந்தது ரொம்பப் பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் கஷ்ட காலம் வராமல் இல்லை. 1871-ல் அல்ஸாஸ் ஜெர்மனியிடம் போயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், சித்திரத்தை மியூனிக் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் தோற்று முடிந்த அந்த நாட்களில் மியூனிக் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் முன் நின்றார்கள். பிள்ளையையோ கணவனையோ பறிகொடுக்காத வீடு அரிதாக இருந்த சமயம். 400 வருஷத்துக்கு முன்பு இஸன்ஹைம் நோயாளிகளுக்குச் சொன்னதையே சித்திரம் அவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். 1919-ல் அது கொல்மாருக்குத் திரும்பியது. 1939-ல் அடுத்த யுத்தம். மறுபடி பெட்டி படுக்கை. மறுபடி அஞ்ஞாத வாசம். 1945-ல்தான் வீடு வந்து சேர்ந்தது.

“எல்லாம் சரி, ஜபம் நடந்த கோயிலை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்களே, இது நியாயமா?” என்று நீங்கள் கேட்கலாம். என்னோடு வந்த தோழியும் அதையே கேட்டாள். அவள் பக்தி நிறைந்தவள். அவள் கேட்டதில் தப்பில்லை. விளக்கில்லாத பீடத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு சங்கடப்படும்.

நான் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. இருவரும் சித்திரத்துக்கு எதிரில் சற்று நேரம் நின்றோம். இப்போது பலகைகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்தியிருப்பதால் எல்லாக் காட்சிகளையும் சுற்றி வந்து பார்க்கலாம். எங்களுக்கு முன்னால் வயதான மாது ஒருத்தி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சிலுவைக் காட்சியை விட்டு நகராமல் நின்றிருந்தாள். கையில் வழிகாட்டிப் புத்தகம் இல்லை; போட்டோ எடுக்கவும் இல்லை. அவள் நின்றது காட்சிச் சாலையிலா, கோயிலிலா? என் தோழி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

பூட்டி வைத்த கோயிலைவிடத் திறந்திருக்கும் காட்சிச் சாலை மேல் என்பது என் கட்சி. கட்டடத்துக்கு ஜீவன் சுவரிலோ கூரையிலோ இல்லை. அதற்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். வேலை மாறலாம். வேலையே இல்லாமல் போனால்தான் ஆபத்து. கொல்மார்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். 2015-ல் உண்டர்லிண்டனை இன்னும் விரிவாக்கினார்கள். ஸ்விட்ஸர்லாந்தின் ஹெர்ஸோக், டி மேரோன் என்ற கட்டடக் கலைஞர்களுடைய வேலை அது. எதிரில் 1906-ல் கட்டிய நகரசபைக் குளியல் மண்டபம் ஒன்று சும்மா கிடந்தது. அதையும் இடிக்கவில்லை. பூமிக்கடியில் ஒரு நீண்ட கூடம் அமைத்து, மடத்தையும் குளியல் மண்டபத்தையும் இணைத்துவிட்டார்கள். நடுவில் மூடிக் கிடந்த வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். ஊரார் நீச்சலடித்த நீச்சல் குளக் கூடத்தில் இப்போது கச்சேரியும் சொற்பொழிவும் நடக்கின்றன!

சித்திரத்துக்கும் வைத்தியம் நடந்தது. காலக்கிரமத்தில் மேலே படிந்துபோன பழைய வார்னிஷ் படலங்களை நீக்கும் வேலை 2018-ல் தொடங்கி 2022-ல் முடிந்தது. மங்கலாகத் தெரிந்த வர்ணங்களெல்லாம் பிரகாசமாக வெளியே வந்தன. நோயாளிகளைத் தேற்றிய சித்திரத்துக்கு நாலு வருஷம் பணிவிடை!

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு பழைய கட்டடம் இருக்கும். ‘இடித்துவிடலாம்’ என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தடவை அதைக் கேட்கும்போது, ‘இதை வேறு எதற்கு உபயோகப்படுத்தலாம்?’ என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வையுங்கள். அதற்குப் பிரபுவாகவோ மந்திரியாகவோ இருக்க வேண்டியதில்லை. கொல்மாரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு புத்தகசாலை உத்தியோகஸ்தர்தான்.

கடைசியாக ஒரு சமாசாரம். புதிதாக இணைத்த பகுதியில் திறந்த வெளி முற்றம் ஒன்று விட்டிருக்கிறார்கள். அதில் மரங்கள் நட்டிருக்கிறார்கள். லிண்டன் அல்ல, ஆப்பிள் மரங்கள். அதனாலென்ன? நிழல் கொடுக்க வேண்டியதுதானே மரத்தின் வேலை!